போர்மேனும் திருத்தங்கல்காரியும்

மதினிக்கு,

காலையில் மல்லித்தழைக் கட்டைப் பிரித்து உதறினேன். வாசனை அடுக்களையைத் தாண்டிக் கூடம் வரைக்கும் போயிருக்கும். முன்பெல்லாம் நீங்கள் கட்டின் நாரை அறுப்பதற்குள் போர்மேன் டைல்ஸில் வழுக்கிக்கொண்டு ஓடி வந்து உங்கள் காலைச் சுற்றுவான். "இருலே, மண்ணைக் கழுவித் தாரேன், பறக்காத" என்று அவனை வைவீர்கள். இன்றைக்கு அவன் உங்கள் தையல் மெஷினுக்கு அடியிலிருந்து அசையவே இல்லை. ஒரு காது மட்டும் திரும்பியது. நிற்பது நான் என்று தெரிந்ததும் அதுவும் பழையபடி சாய்ந்துகொண்டது. நேற்றிலிருந்து அவன் வாயில் ஒரு புல்கூடப் படவில்லை, மதினி.

இப்போது முன்னறையில், அண்ணனின் ஆபீஸ் ரூமில், தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுதுகிற தாள், அண்ணனின் அச்சகத்தில் கலர் சேராமல் ஒதுக்கிய வெடி லேபிள் ஷீட்டின் பின்பக்கம். மடியில் உங்கள் சுளகு கிடக்கிறது. அரிசி புடைக்க இல்லை. எதிரே சாக்கு விரித்த தரையில் இரண்டு முயல்கள் இருக்கின்றன, பாய்ந்துகொண்டால் குறுக்கே செருகத்தான் சுளகு. ஒரு மூலையில் உங்கள் போர்மேன். மறு மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு புதியவள். இரண்டும் பார்க்காத மாதிரி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. சாயங்காலத்துக்குள் அவன் எதையாவது தின்றாக வேண்டும், இல்லாவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்று கால்நடை டாக்டரம்மா சொல்லிவிட்டார். கை சும்மா இருந்தால் நகத்தைக் கடித்தே தீர்த்துவிடுவேன் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

மகளை மதுரையில் கட்டிக்கொடுத்துவிட்டு வந்த கையோடு சந்தைக்கு முருங்கைக்காய் வாங்கப் போய், முயலோடு திரும்பியவர் நீங்கள். கறிக்கு விற்கக் கொண்டு வந்திருந்தார்களாம். "உரிச்சுக் குடுத்திருப்பாகள்ல, உசுரோட எதுக்குத் தூக்கிட்டு வந்த?" என்று அண்ணன் கேட்டதற்கு நீங்கள் ஒரு பார்வை பார்த்தீர்களே, மனுசன் அதற்கப்புறம் ரொம்ப நாளைக்குக் கறி என்ற பேச்சையே எடுக்கவில்லை. பிறகு அதே முயலைக் கம்பிக்கூடையில் வைத்து மதுரைக்குப் பஸ்ஸில் கொண்டுபோய் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தீர்கள். கண்டக்டர், "குடும்பக் கட்டுப்பாடு இதுக்குமா?" என்று கேட்டு பஸ்ஸே சிரித்ததை நீங்கள் வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டியதில் எனக்கு வயிறு வலித்துவிட்டது.

அவனுக்குப் பெயர் வந்ததும் உங்களால்தான். ஒரு நாள் மத்தியானம் எங்கேயோ தும்மென்று ஒரு சத்தம். வெடி கம்பெனிகள் சூழ்ந்த நம் பக்கத்தில் அந்தச் சத்தத்துக்கு யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. தெருவே மொட்டைமாடிக்கு ஏறி எந்தப் பக்கம் புகை என்று பார்க்கும். நீங்கள் புகையைப் பார்க்கப் போகமாட்டீர்கள். நேரே போனை எடுத்து விஸ்வநத்தத்தில் உங்கள் தம்பிக்குப் பேசுவீர்கள். உங்கள் அப்பா ஒரு வெடி கம்பெனியில் போர்மேனாக இருந்து ஓய்ந்தவர், தம்பி இன்னும் அந்த வேலையில்தான் இருக்கிறார். அன்றைக்குத் தம்பி போனை எடுக்கும்வரை நீங்கள் அசையாமல் நின்றீர்கள். கட்டிலுக்கு அடியில் முயல் பின்னங்காலால் தரையை ஓங்கி அடித்துக்கொண்டே இருந்தது. "ஒண்ணுமில்லக்கா, சாம்பிள் வெடி போட்டுப் பாத்தாக" என்று தம்பி சொன்ன பிறகுதான் உட்கார்ந்தீர்கள்.

"எங்க அப்பாவும் இப்படித்தான் தாயி" என்று முயலைப் பார்த்துச் சிரித்தீர்கள். "ஏதாச்சும் சரியில்லைன்னா வாயத் தெறந்து சொல்ல மாட்டாரு. காலைத் தரையில ஒரு அடி. அம்புட்டுப் பேரும் வெளிய ஓடிருவோம்." அன்றிலிருந்து அவன் போர்மேன்.

ஆனி மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் கடைசியாகப் பேசியதும் அவனைப் பற்றித்தான். என் கையைப் பிடித்து, "அவன ஒத்தையில விட்றாத தாயி" என்றீர்கள். பக்கத்தில் நின்ற பெரியத்தை பதறிப்போனார். "புருசனப் போயி அவன்-ங்காளே, நெனவு தப்பிருச்சு போலயே" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நினைவெல்லாம் தப்பவில்லை. காய்ச்சலில் பிதற்றும்போதுகூட உங்களுக்கு அண்ணன் 'அவுக'தான். நீங்கள் சொன்னது முயலை. எனக்குப் புரிந்தது. கட்டில் கால்மாட்டில் நின்ற அண்ணனுக்கும் புரிந்தது. அதுதான் வினையாகிப் போனது.

காரியம் முடிந்து வீடு காலியானதும் அவர் முயல் இருக்கும் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டார். கூடத்தில் அது குறுக்கே வந்தால் சுற்றிப் போவார். நான் மல்லித்தழையைக் கிள்ளிப் போடும்போது பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வார். கடைசி வார்த்தை தனக்கு இல்லை என்பது அவருக்குள் முள்ளாகத் தைத்திருந்தது. அதை எப்படிப் பிடுங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் வேறு கல்யாணம் காட்சி வேண்டாமென்று இருந்துவிட்டவள். புருசன் பெண்டாட்டி சமாசாரத்தில் நான் என்ன பேச?

போர்மேன் மெலிந்துகொண்டே வந்தான். உங்கள் சேலைகளை மடித்து பீரோவில் வைத்த பிறகு தையல் மெஷினடியே கதி என்று ஆகிவிட்டான். பாதி தின்பான், மீதியை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவான். கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா சின்ன வயசுதான், ஆனால் கையில் நிதானம் இருந்தது. வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "உடம்புல நோய் ஒண்ணும் இல்லம்மா. துணை இல்லாம ஏங்குது. முயல் தீனியை அடியோட நிறுத்திட்டா நமக்கு ஒரு நாள்கூட டைம் குடுக்காது. இன்னொரு முயலைச் சேர்த்துப் பாருங்க. பக்குவமாச் சேர்க்கணும். அவசரப்பட்டா கடிச்சே கொன்னுடும்" என்றார்.

அண்ணனிடம் சொன்னேன். சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"அது அவ முயலு. அவளோட இருந்துச்சு. இனி அது விதிப்படி போகட்டும். வேற ஒண்ணு இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது."

"அப்ப சாகட்டும்ங்கீகளா?"

செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் அச்சகத்துக்குப் போய்விட்டார். சீசன் நேரம், லேபிள் ஆர்டர் கழுத்தைப் பிடிக்கிறது, முயல் பேச்சுக்கு நேரமில்லை என்பது போல. நானும் அதே அச்சகத்தில்தானே கம்ப்யூட்டரில் லேபிள் டிசைன் போடுகிறேன், எனக்குத் தெரியாத சீசனா? கோபம் வந்தது. வந்த கோபத்திலேயே பஸ் ஏறித் திருத்தங்கலில் முயல் வளர்க்கிற ஒரு வீட்டுக்குப் போய் இந்தச் சாம்பல் நிறத்துக்காரியை வாங்கி வந்தேன். நம் தெருதான் உங்களுக்குத் தெரியுமே, வாக்கப்பட்டு வந்த உங்களைக் கடைசிவரை விஸ்வநத்தத்துக்காரி என்றே சொல்லிப் பழகிய தெரு. கூடை வாசலைத் தாண்டும்போதே எதிர் வீட்டம்மா எட்டிப் பார்த்து, "திருத்தங்கல்காரி வந்துட்டாளா?" என்றார். பெயர் அதுவே நிலைத்துவிட்டது.

பக்குவமாகச் சேர் என்று டாக்டரம்மா சொன்னதை நான் என்னவோ குழந்தையைத் தொட்டிலில் போடுகிற பக்குவம் என்று நினைத்துவிட்டேன். கூடத்தில் தையல் மெஷினுக்கு முன்னாலேயே கூடையைத் திறந்தேன். துணையைக் கண்டால் துள்ளிக்கொண்டு வருவான் என்று நினைப்பு. துள்ளித்தான் வந்தான். வந்த வேகத்தில் அவள் முதுகைக் கவ்வினான். அவள் திரும்பி அவன் வயிற்றைப் பிறாண்ட, இரண்டும் ஒரே உருண்டையாகச் சுழன்றன. வெள்ளையும் சாம்பலுமாய் மயிர் கூடமெல்லாம் பறந்தது. முயலுக்குக் குரல் உண்டு என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கையை விட்டுப் பிரிக்கப் போய் கட்டைவிரலில் கடி வாங்கினேன். அடுக்களையில் முதலில் கைக்கு அகப்பட்டது உங்கள் சுளகு. அதைச் செருகித்தான் பிரித்தேன். வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். "நான் சொன்னேன்ல?" என்றார், அவ்வளவுதான்.

விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு அழுகைக்குப் பதில் சிரிப்புதான் வந்தது, மதினி. நீங்கள் வந்த புதிதில் நாம் இருவரும் என்ன குறைச்சலாகவா இருந்தோம்? அம்மா போன பிறகு அடுக்களை என் கையில் இருந்தது. நீங்கள் வந்த மறுநாளே புளிப்பானையை இடம் மாற்றினீர்கள். நீங்கள் மாற்றிய இடத்திலிருந்து நான் திரும்ப மாற்றினேன். நீங்கள் பேசாமல் மிக்ஸி மூடியை எடுத்து உயரத்தில் வைத்தீர்கள். எனக்கு எட்டாது என்று தெரிந்தேதான் வைத்தீர்கள். "ஒரு உறையில ரெண்டு கத்தியா?" என்று பெரியத்தை அண்ணனைக் கேட்க, அண்ணன் அச்சகத்திலேயே சாப்பிட ஆரம்பித்தார். தப்பு யார் மேல் என்று இன்றைக்கும் யாராவது கேட்டால் உங்கள் மேல்தான் என்பேன். நீங்களும் அங்கே இருந்துகொண்டு என் மேல்தான் என்பீர்கள்.

டாக்டரம்மாவிடம் போனில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் சொன்னபடி இரண்டு கூண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், மூக்கு உரசலாம், பல் படக் கூடாது என்கிற இடைவெளியில். இவன் படுத்த சாக்கை அவளுக்கும் அவள் படுத்த சாக்கை இவனுக்கும் மாற்றிப் போட்டேன். முதலில் அவள் சாக்கின் மேல் இவன் ஒன்றுக்குப் போய் வைத்தான். பிறகு மோந்து பார்க்க மட்டும் செய்தான். அவள் கம்பியோரமாகவே படுத்தாள். இவன் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தான். ஆனாலும் கூண்டின் மறுகோடிக்குப் போகவில்லை. அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

அடுத்தது, இருவருக்கும் சொந்தமில்லாத இடத்தில் சேர்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. இந்த முன்னறைதான் நினைவுக்கு வந்தது. ஒயரைக் கடித்துவிடுவான் என்று நீங்கள் அவனை ஒரு நாளும் இங்கே விட்டதில்லை. சாக்கை விரித்தேன், ஒயர்களைச் சுருட்டி மேலே கட்டினேன். பயந்தால் ஒளிந்துகொள்ள அச்சகத்திலிருந்து ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து, பக்கவாட்டில் வாசல் மாதிரி ஓர் ஓட்டை போட்டு நடுவில் கவிழ்த்து வைத்தேன். பெட்டி பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேலே பூச்சட்டி மத்தாப்புப் படம்கூட அச்சடித்திருந்தது.

நேற்று அந்தப் பெட்டியில்தான் விபரீதம். திருத்தங்கல்காரி அவன் முறைத்ததும் பெட்டிக்குள் ஓடினாள். அவன் பின்னாலேயே போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். அவளுக்கு வெளியே வர வழியில்லை, அவனைத் தாண்டித்தான் வரவேண்டும். பெட்டி குலுங்கியது. நான் தூக்கி எறிவதற்குள் அவள் மூக்கு நுனி கிழிந்து ரத்தம் சாக்கில் சொட்டிக்கொண்டிருந்தது. அவனை இழுத்துக் கூடைக்குள் போட்டேன். அதற்குப் பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை. கீரையை அரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாயில் விட்டால் அப்படியே வழியவிட்டான். அண்ணன் நிலைப்படியில் நின்று ரத்தத்தைப் பார்த்தார். "நாளைக்கு அவளைக் கொண்டுபோயி விட்டுட்டு வா புள்ள. ஒரு சாவு போதும் இந்த வீட்டுக்கு" என்றார்.

ரத்தத்தைத் துடைக்கும்போது உருண்டு கிடந்த பெட்டியைப் பார்த்தேன். ஒரே ஓட்டை. அப்போதுதான் மதினி, நம் பின்வாசல் சண்டை நினைவுக்கு வந்து பொட்டில் அறைந்தது.

மிக்ஸி மூடியெல்லாம் சும்மா. நம் சண்டைகளில் பெரிய சண்டை பின்வாசல்தான். பூனை வரும், தூசி வரும் என்று நான் அதைச் சாத்தித் தாழ் போடுவேன். நீங்கள் வந்து திறப்பீர்கள். நான் சாத்துவேன். கடைசியில் ஒரு நாள் தாழ்ப்பாளையே கழற்றி எடுத்துவிட்டீர்கள். நான் கத்தினேன், "பொறந்த வீட்டுல கதவே இல்லாம வளந்தீகளோ?" என்று. நீங்கள் கத்தவில்லை. தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னீர்கள்:

"எங்க அப்பா கம்பெனில வெடிமருந்து கலக்குற ரூம்புல எதிரும் புதிருமா வாசல் இருக்கும். கதவு வெளிய பாத்துத்தான் தெறக்கும். ஒத்த வாசல் ரூம்புல ரெண்டு பேரு வேலை செய்யக் கூடாதும்பாரு. ஏதாச்சும் ஒண்ணுன்னா ஒருத்தர ஒருத்தர் மிதிச்சுத்தான் வெளிய போகணும்னு. சின்னதுலருந்து இதக் கேட்டு வளந்தவ நானு. இந்த வீட்டுல நீ ஒரு ஆளு, நானு ஒரு ஆளு. பின்வாசல் தெறந்தே கெடக்கட்டும் தாயி. அப்பத்தான் நாம மிதிச்சுக்காம இருப்போம்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டேன். ஆனால் கதவு திறந்தே கிடந்தது. கோபம் வந்தால் நீங்கள் பின்னால் துவைக்கிற கல்லுக்குப் போனீர்கள், நான் முன்வாசலுக்குப் போனேன். சுற்றிக்கொண்டு திரும்பி வரும்போது பாதிச் சண்டை மறந்திருக்கும். எப்போது நாம் சண்டையை விட்டோம் என்று யோசித்துப் பார்த்தால் எனக்குத் தெரியவில்லை. உங்கள் ஊர்ப் பொங்கலுக்கு நீங்கள் போயிருந்த சமயம், வீட்டில் நான் மட்டும் இருந்தபோது, பின்வாசலை நானே திறந்து வைத்திருந்தேன். அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

அச்சகத்துக்குப் போய் பேப்பர் கத்தியை எடுத்து வந்து பெட்டியின் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வாசல் வெட்டினேன். முதல் ஓட்டையையும் அகலப்படுத்தினேன். இன்று காலை அவளைக் கொண்டுபோய் விடச் சொல்லி அண்ணன் மறுபடி சொன்னபோது, "சாயங்காலம் வரைக்கும் பொறுங்க" என்று மட்டும் சொன்னேன். பிறகு இருவரையும் இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதோ அவன் எழுந்துவிட்டான். தலையைத் தாழ்த்தி, காதைப் பின்னால் ஒட்டவைத்துக்கொண்டு போகிறான். இந்த நடை எனக்குப் பிடிக்கவில்லை. அவள் பெட்டிக்குள் ஓடிவிட்டாள். சுளகைக் கையில் எடுத்துவிட்டேன்.

மறு வாசல் வழியாக வெளியே வந்துவிட்டாள், மதினி! அவன் உள்ளே புகுந்து பார்க்கிறான், ஆளைக் காணோம். முழிக்கிறான். அவன் வெளியே வந்ததும் அவள் முதல் வாசலில் நுழைகிறாள். துரத்துகிறான், ஆனால் கடிக்க ஆள் கிடைக்கவில்லை. கண்ணாமூச்சி மாதிரி சுற்றுகிறார்கள். ஓட்டம் குறைகிறது. அவன் நின்றுவிட்டான். அவளும் பெட்டிக்குள் நின்றுவிட்டாள். விலா ஏறி இறங்குகிறது. நின்றது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியவில்லை.

*

நடுவில் எழுத முடியாமல் போயிற்று. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

பேனாவை வைக்கக்கூட இல்லை, தும்மென்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. போர்மேன் பின்னங்காலால் தரையை ஒரே அடி. அடித்த வேகத்தில் நேரே பெட்டிக்குள் பாய்ந்தான். உள்ளே அவள் இருக்கிறாள். நான் சுளகைத் தூக்கிக்கொண்டு பெட்டியின் மேல் கையை வைத்தேன். தூக்கினால் பயத்தில் கவ்விக்கொள்ளும், தூக்காவிட்டால் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. சத்தமே இல்லை. வெளியே தெருவில் ஆட்கள் மாடிக்கு ஓடுகிற சத்தம். "எந்தப் பக்கம்? அச்சங்குளம் பக்கமா?" "பொகை தெரியுதா?" என்று வீட்டுக்கு வீடு கேட்கிறார்கள். உங்கள் தம்பிக்குப் போன் போட வேண்டும். கையில் போன் இல்லை. இந்தப் பெட்டியை விட்டு எழுந்திருக்கவும் முடியவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் செத்துப் பிழைத்தேன்.

அண்ணன் அச்சகத்திலிருந்து ஓடி வந்தார். காதில் போன், மறுமுனையில் உங்கள் தம்பி. "எடுத்துட்டீகளா? நல்லாருக்கீகளா? ஷெட்டுல எல்லாரும்? சரி, சரி மாப்ள" என்று மூச்சு வாங்கினார். நீங்கள் பேச வேண்டிய போனை அவர் பேசியிருந்தார். "இடியாம்" என்றார் என்னிடம். "மேக்க கருத்துக் கெடக்கு. வெறும் இடி." பிறகு சுற்றிப் பார்த்தார்.

"அவன் எங்க?"

நான் பெட்டியைக் காட்டினேன்.

"அவ?"

அதே பெட்டியைக் காட்டினேன். வெள்ளைச் சட்டையும் தொப்பையுமாக அந்த மனுசன் தரையில் குப்புறப் படுத்து ஒரு வாசல் வழியாகப் பார்த்தார். நான் படுத்து மறு வாசல் வழியாகப் பார்த்தேன். உள்ளே இருட்டு.

"ஏ புள்ள, காதைத் திங்கா!" என்று அலறினார். "வாயி அசையுது பாரு, அவன் காதைத் திங்கா! தூக்கு, தூக்கு!"

"சத்தம் போடாதீகண்ணே!"

என் பக்கத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. போர்மேன் உடம்பெல்லாம் நடுங்க, தலையை அவள் மோவாய்க்குக் கீழே கொண்டுபோய் வைத்திருந்தான். அவள், நேற்று அவனிடம் மூக்கைக் கிழிக்கக் கொடுத்தவள், அவன் காதையும் நெற்றியையும் நக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தி நிறுத்தி, அவசரமே இல்லாமல் நக்கினாள். நக்குவதை நிறுத்தினால் அவன் தலையால் ஒரு இடி இடித்தான், இன்னும் செய் என்பது போல.

"நக்குதாண்ணே. கடிக்கல. தடவிக் குடுக்கா."

அண்ணன் அப்படியே தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை. பெட்டியைப் பார்த்தபடியே கேட்டார்.

"கடைசியா இவனத்தான ஒன்கிட்ட ஒப்படைச்சா. என்னையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே தாயி."

இதை அவர் வாயால் கேட்க எத்தனை நாளாகக் காத்திருந்தேன் என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. யோசிக்காமல் பதில் வந்தது.

"ஒங்களை எதுக்கு என்கிட்ட ஒப்படைக்கணும்? ஒங்களை ஒத்தையில விட்டுட்டு நான் எங்க போயிரப் போறேன்? அது மதினிக்குத் தெரியாதா? சொல்ல வேண்டியது இல்லைன்னுதான் சொல்லல. முயலைத்தான் நான் சந்தைல கொண்டுபோயி விட்ருவேன்னு பயந்தாக. பின்வாசலுக்கே அம்புட்டுச் சண்டை போட்டவதான நானு."

அண்ணன் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உங்களை எடுத்துக்கொண்டு போன அன்றைக்குக்கூட அவர் இப்படி அழவில்லை, மதினி. நான் பெட்டியின் இந்தப் பக்கமே படுத்திருந்தேன்.

முதலில் வெளியே வந்தது அவள்தான். சாக்கின் ஓரத்தில் கிடந்த அருகம்புல்லில் வாய் வைத்தாள். அவன் பெட்டி வாசலில் நின்று பார்த்தான். அவள் பாட்டுக்கு மென்றுகொண்டிருந்தாள். அவனுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது, வந்து அவள் வாயில் தொங்கிய அதே புல்லின் மறுமுனையைப் பிடித்து இழுத்தான். எதிரே ஒரு கட்டு கிடக்கிறது, அது வேண்டாமாம். ஒரு புல் உள்ளே போனது. அப்புறம் இன்னொன்று.

"திங்கான்" என்றார் அண்ணன். என் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏ புள்ள, திங்காம்பாரு!"

டாக்டரம்மாவுக்குப் போன் பேசினேன். நல்லது, ஆனால் இன்னும் கொஞ்ச காலம் தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள், பக்கத்தில் ஆள் இருக்கட்டும் என்றார். அண்ணன் தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சுளகு இப்போது அவர் மடியில். வெளியே மழை பிடித்துவிட்டது. லேபிள் லோடு வண்டியில் ஏற்ற முடியாமல் நிற்கிறது என்று அச்சகத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டதற்கு, "நிக்கட்டும்" என்றுவிட்டார். முயல்கள் இரண்டும் விலாவோடு விலா ஒட்டிக் கிடக்கின்றன. எது யார் கால் என்று தெரியவில்லை.

சற்றுமுன் அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னார். "ஒத்தையில இருந்தா மனுசனுக்கும் இப்படித்தான் புள்ள. நீயும் சாயங்காலமானா அடுக்களைப் படியில ஒத்தையில ஒக்காந்து கெடக்க. எதிர்வீட்டு அம்மாகிட்ட சொல்லுறேன், செத்த நேரம் வந்து ஒன்கூட ஒக்காந்து பேசிட்டுப் போகட்டும்."

நல்ல மனதோடுதான் சொன்னார். எதிர் வீட்டம்மாவும் நல்லவர்தான். நீங்கள் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் வம்பு பேசுகிற அந்தப் படியில், என் வலது கைப்பக்கம், ஓர் ஆள் உட்காருகிற இடம் இருக்கிறது. இன்னும் நான் தள்ளித்தான் உட்காருகிறேன். உங்கள் கீரைத்தட்டு என் முழங்காலில் இடிக்கும் என்று உடம்பு இன்னும் ஒதுங்குகிறது. போர்மேனுக்கு ஆள் கிடைத்துவிட்டது, எனக்கு அதில் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் என் விஷயத்தில் இந்தப் பக்குவம், சாக்கு மாற்றுவது, பெட்டிக்கு வாசல் வெட்டுவது எதுவும் வேண்டாமென்று அண்ணனிடம் நீங்களே கனவில் வந்தாவது சொல்லிவிடுங்கள். அந்த இடத்தில் யாரையாவது கொண்டுவந்து உட்காரவைத்தால், மதினி, நான் கடிப்பேன்.